கீற்றுக் கொட்டகையும் எகிப்துக் கொட்டகையும்

2014-ஆம் வருடம் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று நானும் என் மனைவியும் அமெரிக்கா போயிருந்தோம். சிகாகோவுக்குப் பக்கத்தில் வீடு. பேரனைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டால் அப்புறம் சாயங்காலம் வரை சுவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். என் முகம் தொங்கிப் போனதைப் பார்த்து ஒரு சனிக்கிழமை மகன், "அப்பா, உங்களுக்குப் பழைய தியேட்டர் கதையெல்லாம் பிடிக்குமே, ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று காரை எடுத்தான்.

சிகாகோவுக்கு மேற்கே நூறு கிலோமீட்டர் போல இருக்கும். டிகால்ப் என்று ஊர். சுற்றிலும் மக்காச்சோளக் காடு. நம் அறந்தாங்கி அளவு ஊர்தான், ஒரு பல்கலைக்கழகம் இருப்பதால் கொஞ்சம் கலகலப்பு. முள்கம்பி வேலிக்குப் பேர் போன ஊர் அது. கிளிடன் என்ற அந்த ஊர் விவசாயி 1874-ல் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். நம் ஊரில் கொல்லைக்குக் கொல்லை கம்பி வேலி போட்டு, அதற்காகத் தாலுகா ஆபீஸ் வரைக்கும் வந்து சண்டை போடுகிறோமே, அதன் பூர்வீகம் அங்கேதான்.

அந்த ஊர்க் கடைத்தெருவில், செருப்புக்கடை, வங்கி வரிசையில், திடீரென்று ஒரு எகிப்துக் கோயில் நிற்கிறது. முகப்பில் இரண்டு பக்கமும் பெரிய பெரிய பாரோ மன்னர் சிலைகள். நடுவில் வண்ணக் கண்ணாடி ஜன்னல், அதில் எகிப்தியர்கள் புனிதமாக நினைத்த வண்டு. பெயரே எகிப்தியன் தியேட்டர்தான். 1929 டிசம்பர் 10-ஆம் தேதி திறந்தது. எல்மர் பெர்ன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த கட்டடம்.

எகிப்துக்கும் மக்காச்சோளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்ததும் உலகம் முழுக்க எகிப்துப் பைத்தியம் பிடித்தது. நகை, துணி, சிகரெட் பெட்டி எல்லாவற்றிலும் எகிப்து. சினிமாத் தியேட்டரும் அதில் சேர்ந்துகொண்டது. இதில் ஒரு வேடிக்கை, ஹாலிவுட்டில் சிட் கிராமன் என்பவர் கட்டிய எகிப்தியன் தியேட்டர் திறந்தது 1922 அக்டோபரில், அதாவது கல்லறை கிடைப்பதற்குச் சில வாரம் முன்னால். அதே சமயத்தில் ஜான் எபர்சன் என்ற இன்னொரு கட்டடக் கலைஞர் வேறொரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். தியேட்டரின் உள் கூரையை இரவு வானம் மாதிரி கருநீலத்தில் வளைத்து, அதில் சின்னச் சின்ன விளக்குகளை நட்சத்திரமாக மினுக்குவது, மேகம் நகர்வது போல ஒளி விடுவது. திறந்தவெளியில் உட்கார்ந்து படம் பார்ப்பது போல ஒரு மயக்கம். 1923-ல் ஹூஸ்டனில் அவர் கட்டிய மெஜஸ்டிக்கில் இருந்து அது ஊர் ஊராகப் பரவியது. டிகால்ப் தியேட்டரிலும் அப்படியே வானம். நடுச்சாம நீலம், நட்சத்திரம், சுற்றிலும் எகிப்து நாட்டுக் கோட்டைச் சுவர்.

நான் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பணம் செலவழித்து இவர்கள் செய்துவைத்ததை எங்கள் ஊரில் நாலணாவுக்குப் பார்த்தேனே என்றுதான் நினைப்பு ஓடியது. அங்கே பொய் வானம். எங்கள் கொட்டகையில் பெஞ்சுக்கு மேலே கீற்று கிழிந்த இடத்தில் நிஜ நட்சத்திரமே தெரியும்.

1929 என்றதும் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்ததே அந்த வருடம்தான். அப்போது நாம் தொண்டைமான் சமஸ்தானம். சேஷையா சாஸ்திரி திவானாக இருந்தபோது நூல் பிடித்தாற்போல் போட்ட ராஜவீதிகளில் மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் சினிமா நமக்கு அதற்கு முன்பே அடுத்த வீட்டுக்காரன். தென்னாட்டு சினிமாவின் கதை தொடங்குவதே திருச்சி ரயில்வேயில்தான் என்று சொல்லலாம். சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர் கோயமுத்தூர்க்காரர், 1883-ல் பிறந்தவர், திருச்சியில் ரயில்வேயில் வேலை. 1905-ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டும் கருவியோடு சுற்றி வந்து, திருச்சியில் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார். ஊர் திரும்ப வேண்டும். கருவியையும் ஏசுநாதர் வரலாற்றுப் படச்சுருளையும் விற்றுவிடப் பார்த்தார். வின்சென்ட் வாங்கினார். வேலையை விட்டார். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார், வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும். நம் டூரிங் டாக்கீஸ் குலத்துக்கு அவர்தான் மூத்தவர். 1914-ல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்று நிரந்தர அரங்கு கட்டினார். தியேட்டர் போனாலும் வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் இன்றும் இருக்கிறது. மெட்ராசில் 1913-ல் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் பிழைத்தது எப்படித் தெரியுமா? தபால் இலாகா வாங்கிக்கொண்டதால். அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் தபால்தலை விற்கிறார்கள்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு சினிமா ஆசை கொஞ்சம் தூக்கல் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அதற்குக் காரணம் பி.யு.சின்னப்பா. 'பி' என்பதே புதுக்கோட்டைதானே. 1916-ல் இங்கே பிறந்து, பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆரோடு சேர்ந்து நடித்து, 1940-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம் போட்டவர். ஆர்யமாலா, கண்ணகி, ஜகதலப்ரதாபன் என்று அடுத்தடுத்து. எங்கள் அப்பா தலைமுறையில் பாகவதர் கட்சி, சின்னப்பா கட்சி என்று டீக்கடையில் இரண்டு பெஞ்ச் இருந்ததாம். புதுக்கோட்டையில் பாகவதர் பெஞ்சில் உட்கார தைரியம் வேண்டும். சின்னப்பா சம்பாதித்ததையெல்லாம் இங்கே வீடுகளாக வாங்கிப் போட்டார், கடைசியில் சமஸ்தானமே இனிமேல் வாங்கக் கூடாது என்று தடுத்தது என்று ஒரு பேச்சு உண்டு. எத்தனை வீடு என்பது சொல்கிறவரைப் பொறுத்துக் கூடும், குறையும். 1951 செப்டம்பரில் அவர் இறந்தபோது வயது 35. இரவு நண்பர்களோடு படம் பார்த்துவிட்டு வந்தவர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். திருமயத்துக்காரர் தீரர் சத்தியமூர்த்தியையும் சொல்ல வேண்டும். கூத்தாடிகள் என்று மற்ற தலைவர்கள் ஒதுங்கியபோது நாடகக்காரர்களையும் சினிமாக்காரர்களையும் மேடையில் ஏற்றியவர். தென்னிந்திய பிலிம் வர்த்தக சபைக்கு முதல் தலைவர் அவர்தான்.

படம் எடுத்ததும் பக்கத்திலேயேதான். யுத்த காலக் கட்டுப்பாட்டில் மெட்ராசில் மின்சாரம் கிடைக்காமல் ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டார். 'நாம் இருவர்' 1947, 'வேதாள உலகம்' 1948. இரண்டும் அங்கே உருவானவை. 1948-ல் ஸ்டூடியோ கோடம்பாக்கம் போய்விட்டது. அதே 1948 மார்ச் 3-ஆம் தேதி நம் சமஸ்தானமும் இந்திய யூனியனில் சேர்ந்தது. இரண்டில் எதற்காக ஊர் அதிகம் வருத்தப்பட்டது என்று என் அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

இனி எங்கள் கொட்டகை. திருமயம் தாலுகாவில் எங்கள் கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் நடுவில், கண்மாய்க் கரையை ஒட்டிய பொட்டலில் இருந்தது. பெயரையும் முதலாளி பெயரையும் எழுதவில்லை, அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள். பனைமர உத்திரம், தென்னங்கீற்றுக் கூரை, இடுப்பளவு மண்சுவர். ஆபரேட்டர் அறை மட்டும் கல்கட்டடம். அது முதலாளியின் பெருமைக்காக இல்லை, சட்டத்துக்காக. அந்தக் காலப் படச்சுருள் நைட்ரேட்டில் செய்தது, தீப்பிடித்தால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது. 1950-களில் பாதுகாப்பான சுருள் வந்த பிறகும் அறை தனியாக, தீப்பிடிக்காததாக இருக்க வேண்டும் என்ற விதி மாறவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு போட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். மூன்று மைல் சுற்றளவில் சோற்றுப்பானை அவசரமாக இறங்கும். தரை, பெஞ்ச், சேர் என்று மூன்று வகுப்பு. தரை நாலணா, நயா பைசா வந்த பிறகு இருபத்தைந்து பைசா. ஆற்று மணல் பரப்பியிருக்கும். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் கூட்டிக் குமித்து அதன் மேல் உட்காருவோம். பின்னால் இருப்பவர் அதைவிட உயரமாகக் குமிப்பார். கடைசியில் சண்டை. பெண்களுக்கு நடுவில் ஒரு தட்டித் தடுப்பு. பிள்ளைகளைத் தூங்கவைக்க மடியில் துணி விரித்துக்கொண்டு வருவார்கள், பல பிள்ளைகள் பார்த்தது முழுக்கத் தூக்கம்தான்.

ஒரே புரொஜெக்டர். இரண்டாயிரம் அடிச் சுருள் இருபது நிமிஷம் போலத்தான் ஓடும். நகரத் தியேட்டரில் இரண்டு புரொஜெக்டர் வைத்து ஒன்று முடிய ஒன்றைத் தொடுப்பார்கள், நமக்குத் தெரியாது. எங்களுக்கு ஒவ்வொரு சுருள் முடிந்ததும் இருட்டு, சீழ்க்கை, "ஆபரேட்டரு தூங்கிட்டாரா?" என்ற கூச்சல். விளக்கு என்பது இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிக்கு நடுவில் எரியும் மின்பொறிதான். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரையில் எம்.ஜி.ஆர். மஞ்சளாகி, பிறகு காணாமல் போவார். ஆபரேட்டர் அண்ணன் ராத்திரி முழுக்க அந்த வெளிச்சத்தின் பக்கத்தில் வெந்துகொண்டு நிற்பார். கல் அறை, ஒரே ஒரு சின்ன ஜன்னல். கார்பன் புகை, வியர்வை, பீடி. தீர்ந்த கார்பன் துண்டை எங்களுக்குக் கொடுப்பார், சுவரில் கோடு போட அதைவிட நல்ல பொருள் கிடையாது. வெட்டுப்பட்ட பிலிம் துண்டுக்கும் அடிபிடி. என்னிடம் ஒரு துண்டு சிவாஜி ரொம்ப நாள் இருந்தார்.

படத்துக்கு முன்னால் பிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படம் கட்டாயம். நேருவும் பக்ரா அணையும். என் அம்மா நேருவைப் பார்த்தது அந்தக் கொட்டகையில்தான், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பார்த்தார்.

இதெல்லாம் எங்கள் வயதுக்காரர்கள் எல்லாரும் சொல்கிற கதைதான். நான் சொல்ல வந்தது வேறு. இதுவரை எழுதாதது.

1972-ல் வருவாய்த்துறையில் சேர்ந்தேன். 1974 பொங்கலன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது, புது மாவட்டத்தில் ஆள் பற்றாக்குறை, எனக்குச் சீக்கிரமே வருவாய் ஆய்வாளர் வேலை வந்தது. எங்கள் கிராமம் என் பிர்காவிலேயே இருந்தது. சினிமாக் கொட்டகைக்கு 1955-ஆம் வருட மெட்ராஸ் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம், 1957-ஆம் வருட விதிகள். டூரிங் கொட்டகைக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் லைசென்ஸ், புதுப்பிக்க வேண்டும். பொதுப்பணித்துறையின் உறுதிச் சான்று, மின் ஆய்வாளர் சான்று எல்லாம் வைத்து மனு கொடுப்பார்கள். நேரில் பார்த்து அறிக்கை எழுதுகிற வேலை எங்களுடையது. உண்மையைச் சொன்னால், அந்த அறிக்கை ஒரு சடங்கு. முந்தின வருட அறிக்கையைப் பார்த்துத் தேதியை மாற்றி எழுதியவர்களை எனக்குத் தெரியும். இரண்டு வருடம் நானும் அப்படித்தான் எழுதினேன்.

1979 ஜூலையில் தூத்துக்குடியில் ஒரு டூரிங் கொட்டகை படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பற்றிக்கொண்டது. பெண்களும் குழந்தைகளுமாக நிறையப் பேர் போய்விட்டார்கள். மறுநாள் பேப்பரைப் படித்துவிட்டு நான் காலைச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டேன். மாநிலம் முழுக்கக் கொட்டகைகள் மேல் கண் விழுந்தது. எங்கள் கொட்டகைக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும் முறை ஆவணியில் வந்தது.

சைக்கிளில் போனேன். அந்த முறைதான் முதல் தடவையாகக் கொட்டகையைப் பார்த்தேன் என்று தோன்றுகிறது. கூரை இரண்டு வருடமாக மாற்றாத கீற்று, தொட்டால் பொடிகிறது. தீ வாளிகள் ஆறு வரிசையாகத் தொங்குகின்றன, நான்கில் வெற்றிலைத் துப்பல், இரண்டு ஓட்டை. ஆண்கள் பக்கம் வாசல் சரி. பெண்கள் பக்கத்து வாசலுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டு. ஆட்டம் நடக்கும்போது ஐம்பது அறுபது சைக்கிள் அதை அடைத்துக்கொண்டு நிற்கும். அது எனக்குத் தெரியும், நானே அங்கே சைக்கிள் விட்டிருக்கிறேன். என் அம்மாவும் தங்கச்சிகளும் அந்தத் தட்டிக்குப் பின்னால்தான் எத்தனையோ ராத்திரி உட்கார்ந்திருந்தார்கள்.

முதலாளி இளநீர் வெட்டிக் கொடுத்தார். வயதானவர், என்னைச் சிறு பிள்ளையில் இருந்து தெரியும். "வாங்க தம்பி" என்று எப்போதும் சொல்கிறவர் அன்றைக்கு "வாங்க சார்" என்றார்.

"என்னண்ணே இது, வாளி எல்லாம் இப்படிக் கெடக்கு?"

"நாளைக்கே மாத்திர்றேன் சார்."

"கூரை?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "கூரைக்கு அடுத்த வெள்ளாமை வரட்டும் சார். நீங்க மண்ணுல உக்காந்து படம் பாத்த கொட்டகை சார் இது."

நான் இளநீரைக் குடித்தேன். வீட்டுக்கு வந்து ராத்திரி பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். புதுப்பிக்கப் பரிந்துரைக்க இயலவில்லை என்று கடைசி வரி. அந்த வரியை எழுத எனக்கு ரொம்ப நேரம் ஆனது. தாசில்தார் ஒப்புக்கொண்டார், மேலே போனது. கீற்றை எடுத்துவிட்டுத் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்டு, வாசலை அகலப்படுத்தினால் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்தது. அதற்கு ஆகும் பணம் அவரிடம் இல்லை. தையில் புரொஜெக்டரை யாரோ வாங்கிப் போனார்கள்.

ஊரில் யாரும் என்னிடம் நேராக எதுவும் கேட்கவில்லை. டீக்கடையில் பேச்சு நின்றுபோகும். என் அம்மாதான் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பே. ஆனா பொட்டச்சிக வீட்ட விட்டு வெளிய வந்து உக்கார்ற எடம் கோயிலும் அதுவுந்தான்" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கொட்டகை என்றைக்கும் தீப்பிடிக்கவில்லை. தீப்பிடித்திருக்கும் என்று நிரூபிக்க என்னால் முடியாது. முதலாளி மூன்று வருடத்தில் போய்ச் சேர்ந்தார், சாவுக்கு நான் போனேன், பிள்ளைகள் தண்ணீர் கொடுத்தார்கள், பேசவில்லை. என் அறிக்கை இல்லாவிட்டாலும் ஐந்தாறு வருடத்தில் டெலிவிஷன் அதை மூடியிருக்கும் என்று நண்பர்கள் சமாதானம் சொல்வார்கள். அப்படித்தான் பெரும்பாலும் ஆனது. கிராமக் கொட்டகை மட்டுமா? 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்து, ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் வாங்கிய மதுரை தங்கம் தியேட்டர், 2,563 பேர் உட்காரும் அரங்கு, அதுவே இன்று ஜவுளிக்கடை. ஆனாலும் அந்த ஐந்தாறு வருடம் யாருடையது என்ற கேள்வி என்னிடம் இருக்கிறது.

டிகால்ப் தியேட்டரும் சாகக் கிடந்ததுதான். எழுபதுகளில் கூரை ஒழுகி, சுவர் உதிர்ந்து, இடிக்கும் பேச்சு வந்தது. 1978-ல் ஊர்க்காரர்கள் சங்கம் அமைத்தார்கள். அதே வருடம் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். மாநில அரசு பணம் கொடுத்தது. பழுது பார்த்து 1983-ல் திறந்தார்கள். நான் போனபோது குளிர்சாதனம் கிடையாது, கடும் கோடையில் மூடிவைப்பார்களாம். எங்கள் கொட்டகை ஐப்பசி அடைமழைக்கு மூடும், இது வெயிலுக்கு மூடுகிறது என்று என் மனைவியிடம் சொன்னேன். வருடத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது கொஞ்சம் நெஞ்சை அடைத்தது. அவர்கள் கூரைக்காகச் சங்கம் சேர்த்த மறுவருடம் நான் கூரைக்காக அறிக்கை எழுதினேன். எங்கள் ஊரில் தலைக்கு ஐந்து ரூபாய் போட்டிருந்தால் தகரக் கூரை வந்திருக்கும். அது யாருக்கும் தோன்றவில்லை. அறிக்கை எழுதிய எனக்கும் தோன்றவில்லை. லைசென்ஸ் உண்டு, இல்லை என்ற இரண்டே வார்த்தைதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

2004 வாக்கில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஆபரேட்டர் அண்ணனைப் பார்த்தேன். அதற்குள் ஒரு கண்ணில் பார்வை போயிருந்தது. கொட்டகை மூடிய பிறகு திருச்சியில் ஒரு தியேட்டரில் இருந்தாராம், அதுவும் மூடியதாம். என் குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன். விஷயத்தை நானாக எடுத்தேன். அவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "அந்தக் கல்லு ரூமுக்கு ஒரே வாசல் தம்பி. அதுவும் கொட்டகைக்குள்ளதான் தொறக்கும். கீத்து பத்திருந்தா மொதல்ல நாந்தேன். அத நீங்க எழுதுனீங்களா?"

எழுதியிருக்கவில்லை. அறையைப் பற்றி "விதிப்படி உள்ளது" என்று எழுதியிருந்தேன்.

டிகால்பில் அந்த நீல வானத்தின் கீழே எல்லாரும் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் இரண்டு பக்கச் சுவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை மகன் கவனித்துவிட்டான்.

"என்னப்பா தேடறீங்க?"

"வாசல் எத்தனை இருக்குன்னு பாக்குறேன்டா" என்றேன். சிரித்தான். மேலே ஆபரேட்டர் அறைக்குப் போக முடியுமா என்று கேட்கச் சொன்னேன். அன்றைக்கு அந்த அறை பூட்டியிருந்தது.